நான்காம் நாள் பையில் என்ன மிஞ்சியது? சிறு பண்ணையின் பங்குத் திட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் பண்ணையிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். இரண்டு கட்டுக் கீரை, இலையோடு முள்ளங்கி, ஒரு கட்டு பீட்ரூட், வெண்டைக்காய், கத்தரிக்காய், கொஞ்சம் தக்காளி, கொத்தமல்லி, அடியில் ஒரு முழுச் சுரைக்காய். அன்று இரவு வீடே பையைச் சுற்றி நிற்கிறது. புதன்கிழமை ஒரு கட்டுக் கீரை தீர்கிறது. வியாழக்கிழமை வேலை முடிய நேரமாகிவிட்டதால் வெளியே சாப்பிட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் இரண்டாவது கீரைக் கட்டு பைக்குள் வியர்த்து, ஓரமெல்லாம் வழவழவென்று கிடக்கிறது. முள்ளங்கியை விரலால் அழுத்தினால் ரப்பர்போல வளைகிறது. சுரைக்காயில் பாதி அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை எல்லாம் குப்பைக்குப் போகிறது. மறுநாள் அடுத்த பை வந்துவிடுகிறது.

நான்கைந்து வாரம் இப்படிப் போனால் அந்த உறுப்பினர் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட மாட்டார். காரணம் கேட்டால், “இந்தத் தடவை வெளியூர்ப் பயணம் நிறைய இருக்கிறது” என்பார். “நீங்கள் பாடுபட்டு விளைவித்ததைக் குப்பையில் போட்டுப் போட்டு மனம் கூசிவிட்டது” என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? விவசாயியோ விலை கட்டுப்படியாகவில்லை போலும் என்று நினைத்து, அடுத்த ஆண்டு விலையைக் குறைக்கப் பார்ப்பார். அல்லது பையில் இன்னொரு கட்டுக் கீரை சேர்ப்பார்.

ஒரு சிறு பண்ணையில் இரண்டு பருவம் பை கட்ட உதவியிருக்கிறேன். உறுப்பினர்கள் ஏன் வருகிறார்கள், ஏன் போய்விடுகிறார்கள் என்பதைப் பற்றி அங்கே எனக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் விவசாயிக்கும், சேரலாமா என்று யோசிப்பவருக்கும் இது பயன்படலாம்.

பங்கு என்றால் என்ன?

சமூக ஆதரவு வேளாண்மை என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். பெயரில் கொஞ்சம் மேடைப் பேச்சின் வாடை அடித்தாலும் விஷயம் எளிது. ஒரு பண்ணை, விதை மண்ணில் விழுவதற்கு முன்பே, அந்தப் பருவத்தில் விளையப்போவதைப் பங்குகளாகப் பிரித்து விற்றுவிடுகிறது. பங்கு வாங்கியவர் உறுப்பினர். அவர் முன்கூட்டியே கட்டும் பணத்தில் விதை, எரு, ஆள்கூலி எல்லாம் நடக்கிறது. அறுவடை தொடங்கியதும் வாரம் ஒரு பை அவருக்கு வரும். விளைச்சல் கொழித்தால் பை கனக்கும். பூச்சி விழுந்தாலோ மழை கெடுத்தாலோ பை இளைக்கும். இரண்டையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லித்தான் அவர் சேர்கிறார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. இந்த ஏற்பாடு அந்தக் கணக்கை உழுவதற்கு முன்பே பார்க்கச் சொல்கிறது. 50 உறுப்பினர்கள், 20 வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 பை. விதையிலிருந்து வண்டி எரிபொருள்வரை பருவத்தின் முழுச் செலவையும் கூட்டி, அதோடு விவசாயியின் சம்பளத்தையும் சேர்த்து 1,000 ஆல் வகுத்தால் ஒரு பையின் விலை கிடைத்துவிடும். இதில் பலர் சறுக்குவது சம்பளத்தில்தான். தன் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டால் விலை குறைவாகத் தெரியும், ஆள் சேர்ப்பதும் சுலபம். மூன்றாம் ஆண்டு எல்லாவற்றையும் ஏறக்கட்டுவதும் அதே அளவு சுலபம்.

இது ஒருவர் மூளையில் உதித்த யோசனை அன்று. ஜப்பானில் பூச்சிமருந்து பற்றிய கவலை வளர்ந்த காலத்தில், 1971 இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. விவசாயிகளும் குடும்பங்களும் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகக் கைகோத்துக்கொள்ளும் முறைக்கு அங்கே ‘தெய்கெய்’ என்று பெயர். ஒத்துழைப்பு, கூட்டு என்று பொருள். அதற்கென்று 1978 இல் பத்து நெறிகளை வகுத்தார்கள். அதே 1978 இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஒரு கூட்டுறவுத் தோட்டம் இதே வழியில் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து அந்த எண்ணம் அமெரிக்காவுக்குப் போய், 1986 இல் மாசசூசெட்ஸில் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையும் பங்கு கொடுக்க ஆரம்பித்தன. பிரான்சில் 2001 இல் முதல் குழு உருவானது. ஒரு விவசாயத் தம்பதியர் நியூயார்க்கில் இம்முறையைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது அது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் புக்கர் டி. வாட்லி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரில் பேராசிரியராக இருந்தவர். ஐரோப்பியச் செல்வாக்கு வந்து சேர்வதற்கு முன்பே, சிறு விவசாயிகள் நகரத்துக் குடும்பங்களை உறுப்பினர்களாகச் சேர்த்து ஒரு மன்றம் அமைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உறுப்பினர் கட்டணம் கட்டியவர் பண்ணைக்கு வந்து தானே பறித்துக்கொள்ளலாம். அவர் கொடுத்த ஆலோசனைகளில் ஒன்று: பண்ணை தார்ச்சாலையை ஒட்டி இருக்க வேண்டும், குறைந்தது 50,000 பேர் வாழும் ஊரிலிருந்து 40 மைலுக்குள் இருக்க வேண்டும். உறுப்பினர் மனத்தைக் கவர்வது பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் படம், வண்ணம், வாசகம் என்று போய்விடுகிறோம். அந்த மனிதர் சாலை நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

கனமான பை என்னும் தவறு

ஜப்பானிய நெறிகளில் ஒன்று, பேசிவைத்துப் பயிரிட்டதையெல்லாம் நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. கொள்கைப் பிடிப்போடு வந்தவர்களுக்கு அது பொருந்தியிருக்கும். இன்று சேர்கிறவர்களில் பலருக்குக் கொள்கை மீது மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் சேர்வது நல்ல காய் வேண்டும் என்பதற்காக. அவர்கள் வீட்டில் அடுப்பு ஒன்று, வாரத்துக்கு நாள் ஏழு, அதில் சமைக்க முடிகிற நாள் நான்கோ ஐந்தோ.

விவசாயிக்குக் கை தாராளம். வெள்ளரிக்காய் கொட்டுகிறது என்றால் ஆளுக்கு நான்கு வைக்கலாம் என்றுதான் தோன்றும். நான் பை கட்டிய முதல் பருவத்தில் எட்டு வாரம் தொடர்ந்து சுரைக்காய் போட்டோம். ஐந்தாம் வாரம் ஒரு அம்மா பையை வாங்கியதும் முதலில் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். தட்டுப்பட்டதும் அவர் முகத்தில் ஓடிய அந்த நிழல் இன்னும் நினைவிருக்கிறது. எதுவும் சொல்லவில்லை, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த பருவத்தில் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

பையின் அளவு சரியா என்று பார்க்க எடைக்கல் தேவையில்லை. அடுத்த பை வருவதற்கு முந்தைய நாள் உறுப்பினரின் சமையலறை கிட்டத்தட்டக் காலியாக இருக்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்” என்று அவர் நினைத்தால் நல்ல பை. “ஐயோ, நாளைக்கு அடுத்தது வந்துவிடுமே” என்று நினைத்தால் அது எவ்வளவு தரமான காயாக இருந்தாலும் தோற்ற பை.

என் அனுபவத்தில் ஏழிலிருந்து ஒன்பது வகை போதும். அவற்றில் பாதிக்கு மேல் எந்த வீட்டிலும் யோசிக்காமல் சமைக்கிற காயாக இருக்க வேண்டும்: தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் மாதிரி. இவைதான் பையின் முதுகெலும்பு. அதன்மேல் இரண்டு கீரை வகை, கொஞ்சம் வாசனைத் தழை, பருவத்துக்கு ஏற்ற ஒன்றிரண்டு காய். பெயர் தெரியாத காய், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். விதைப் பட்டியலைப் புரட்டுகிற எந்த விவசாயிக்கும் ஊதாக் கேரட்டும் வரிபோட்ட கத்தரிக்காயும் ஆசை காட்டும். வளர்க்கட்டும், நானும் ரசிப்பேன். ஆனால் உறுப்பினரை இரண்டாம் ஆண்டும் இருக்கவைப்பது வாராவாரம் தவறாமல் வரும் வெங்காயம்தான்.

இதற்கு விதைக்கும்போதே திட்டம் வேண்டும். கீரையை ஒரே நாளில் மொத்தமாக விதைத்தால் ஒரே வாரத்தில் மொத்தமாக முற்றும். பத்து, பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு பாத்தி என்று விட்டுவிட்டு விதைத்தால்தான் இருபது வாரமும் இளங்கீரை கிடைக்கும். வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் தவறினால் நாராகிவிடும். 50 பைக்கு எட்டு வகை என்றால் வாரத்துக்கு 400 கட்டு, குவியல், பொட்டலம். சந்தைக்கு விளைவிக்கிறவர் இன்றைக்கு எது இருக்கிறதோ அதைக் கொண்டுபோகலாம். பங்குக்கு விளைவிக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால்தான், விவசாயத்தில் முதல் அடி எடுத்துவைக்கிறவர் முதல் ஆண்டே பங்கு விற்க வேண்டாம் என்பேன். ஒன்றிரண்டு பருவம் சந்தையில் விற்றுக் கை பழகட்டும். பிறகு 15 அல்லது 20 பேரோடு ஆரம்பிக்கலாம். குழு அளவு மீறி வீங்கக் கூடாது என்பதும் அந்தப் பத்து நெறிகளில் ஒன்று.

தேர்ந்தெடுக்க விடுவது

பை நிறைவாக இருந்தாலும் பாகற்காய் பிடிக்காத வீட்டில் பாகற்காய் பாகற்காய்தான். இதற்கு மிக மலிவான தீர்வு ஒரு மாற்றுக் கூடை. பை வாங்கும் இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கூடை. வேண்டாத காயை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் போட்டுவிட்டுப் போனதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பண்ணையே ஐந்தாறு காயைப் போட்டுக் கூடையைத் தொடங்கிவைக்க வேண்டும். காலிக் கூடையில் யாரும் முதலில் போட மாட்டார்கள். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் கத்தரிக்காய்க்கும் முள்ளங்கிக்கும் பண்டமாற்றுச் செய்துகொண்டு நிற்பார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது எங்கள் கூடையைச் சுற்றித்தான். கூடையில் எது மீந்து கிடக்கிறது என்று வாராவாரம் குறித்துவைத்தால் அடுத்த பருவத்தில் எதைக் குறைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்த படி, பையே கட்டாமல் காய்களை வரிசையாகப் பரப்பிவைத்து, “இந்தப் பன்னிரண்டில் உங்களுக்கு வேண்டிய எட்டு” என்று எழுதிப்போடுவது. பை கட்டும் வேலை மிச்சம். ஆனால் தக்காளி முதலில் தீர்ந்துவிடும், கடைசியில் வருகிறவர் முகம் சுளிப்பார். அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு காய்க்கும் வரம்பு எழுதிவைக்க வேண்டும். அவரவர் வீட்டிலிருந்தே கைபேசியில் பட்டியலை மாற்றிக்கொள்ள வழி செய்யும் பண்ணைகளும் உண்டு. உறுப்பினர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். 50 பையும் 50 விதமாகக் கட்ட வேண்டியிருப்பதால், விடியற்காலையில் கொட்டகையில் நிற்கிறவருக்குப் பிடிக்காது. இரண்டு பேர் நடத்தும் பண்ணைக்கு மாற்றுக் கூடையும் அரைப் பங்கும் போதும் என்பது என் எண்ணம்.

அரைப் பங்கு பற்றி ஒரு வார்த்தை. தனியாக இருப்பவர், வயதான தம்பதியர், அடிக்கடி பயணம் போகிறவர் ஆகியோருக்கு முழுப் பை பெரிய பாரம். அரைப் பங்கை இரண்டு விதமாகக் கொடுக்கலாம்: வாரம்தோறும் சிறிய பை, அல்லது வாரம் விட்டு வாரம் முழுப் பை. பண்ணைக்கு இரண்டாவது எளிது. உறுப்பினரின் சமையலறைக்கு முதலாவதுதான் நல்லது. ஒரு அரைப் பங்கைக் கட்ட முழுப் பங்குக்கு ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் ஆகும் என்பதால், அதன் விலை சரிபாதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதில் தவறில்லை.

பையோடு போகும் துண்டுச் சீட்டு

தொடக்கத்தில் சொன்ன வழவழத்த கீரைக்குத் திரும்புவோம். அதில் பாதிக் குற்றம் பண்ணையுடையது.

கீரையை வெயில் ஏறுவதற்கு முன் அறுக்க வேண்டும். நடுப்பகலில் அறுத்த கீரை வயலின் சூட்டையும் சுமந்துகொண்டு வருகிறது. அந்தச் சூட்டோடு பைக்குள் போனால் மாலைக்குள் துவண்டுவிடும். அறுத்தவுடன் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி, நிழலில் நன்றாக நீர் வடியவிட்டுக் கட்டினால் இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்கும். வடியவிடாமல் ஈரத்தோடு கட்டினால் அழுகல்தான்.

மீதிப் பாதி, உறுப்பினருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததால் வருவது. கடைக் காய்க்குப் பழகிய வீட்டில், இலையோடு கேரட் வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அப்படியே வைத்தால் இலை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அதனால்தான் முள்ளங்கி ரப்பராகிறது. வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டித் தனியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணமும் ருசியும் போய்விடும். வெள்ளரி, கத்தரி, வெண்டை மூன்றும் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் இருந்தாலே சுருங்கிப் புள்ளி விழும். பெட்டியின் அடித்தளத்துக் குளிர் அவற்றுக்கு ஆகாது. கீரையை உலர்ந்த துணியில் சுற்றிவைக்கலாம். உருளைக்கிழங்குக்கு வெளிச்சம் ஆகாது, பச்சை ஏறிவிடும். வெங்காயத்தின் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு புத்தகமாக அச்சடித்துச் சேரும் நாளில் கொடுக்கும் பண்ணைகள் உண்டு. யாரும் படிப்பதில்லை. அந்த வாரப் பையில் இருக்கும் காய்களுக்கு மட்டும், கையகலச் சீட்டில், எதை முதலில் சமைப்பது என்ற வரிசையில் எழுதிக் கொடுத்தால் அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் சீட்டு ஒன்று இப்படி இருந்தது:

“இன்றும் நாளையும்: கொத்தமல்லி, தண்டுக்கீரை. வெள்ளிக்குள்: வெண்டைக்காய், பீன்ஸ். ஞாயிறுவரை தாங்கும்: கத்தரிக்காய், தக்காளி (வெளியே, காம்புப் பக்கம் கீழாக). அவசரமில்லை: பீட்ரூட் (இலையை இன்றே வெட்டுங்கள், இலையையும் கீரைபோலச் சமைக்கலாம்), பூசணி ஒரு மாதம்கூட இருக்கும்.”

ஐந்தாறு வரிதான். இதை எழுத ஆரம்பித்த பிறகு மாற்றுக் கூடையில் கீரை மீந்து கிடப்பது பாதியாகக் குறைந்தது என்று எனக்குத் தோன்றியது. எண்ணிப் பார்த்ததில்லை, கண்ணளவுதான்.

இந்தப் பட்டியலைப் பை வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. உறுப்பினர் கடைக்குப் போய் அதே காயை வாங்கிவிட மாட்டார். சமையல் குறிப்பு கொடுப்பதானால் ஒன்று போதும். அதுவும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருளில், அரை மணிக்குள் முடிகிறதாக இருக்கட்டும்.

விளைச்சல் கெட்ட வாரம்

பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு என்று சேரும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆறாம் வாரத்தில் மூன்றே காயோடு பை வரும்போதுதான் அந்தத் தலையாட்டலுக்குச் சோதனை. அந்த வாரம் பண்ணை என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த வாரப் பை சிறியதாக இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு செய்தி அனுப்பலாம். மின்வாரிய அறிவிப்புபோல இருக்கும். எரிச்சல்தான் வரும்.

இப்படியும் அனுப்பலாம்: “சனிக்கிழமை இரவு பெய்த மழையில் தாழ்ந்த பக்கத்துப் பாத்திகள் இரண்டும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டன. பீன்ஸ் முழுவதும் போய்விட்டது. கீரையில் பாதி தேறும். மேட்டில் இருந்த கத்தரிக்குச் சேதமில்லை. நேற்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டோம். புதிதாக விதைத்த கீரை நான்கு வாரத்தில் வரும். அதுவரை பையில் கிழங்கும் பூசணியும் கூடுதலாக இருக்கும்.” இதோடு தண்ணீரில் நிற்கும் பாத்தியின் படம் ஒன்று. எது போனது, எது தப்பியது, என்ன செய்கிறோம், எப்போது சரியாகும் என்று நான்கும் இதில் இருக்கின்றன. எங்கள் குழுவில் இப்படி ஒரு செய்தி போன அன்று இரண்டு பேர், “ஞாயிற்றுக்கிழமை வந்து உதவட்டுமா?” என்று கேட்டார்கள்.

ஆனால் எல்லா நட்டத்தையும் மழையின் தலையில் கட்டக் கூடாது. களை எடுக்காமல் விட்டதால் கேரட் சிறுத்தது என்றால் அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. மண்ணைப் பற்றித் தெரியாவிட்டாலும் சாக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பயிர் போனாலும் பை நிறையும்படி முதலிலேயே பலவகை நடுவதும், 50 பைக்கு 60 பைக்கான அளவு பயிரிடுவதும் செய்தியைவிடப் பெரிய காப்பீடு. நல்ல வாரத்தில் மீந்ததைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம்.

பணமும் இடமும் நேரமும்

ஒரு பருவத்துப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டுவது எல்லோராலும் முடியாது. பாதியை முன்பணமாகவும் மீதியை மூன்று தவணையாகவும் வாங்கினால் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். விதைச் செலவுக்கு முன்பணம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்குச் சில மணி நேரம் வந்து பை கட்டவோ களை எடுக்கவோ செய்கிறவருக்குப் பங்கின் விலையில் கழிவு கொடுப்பதும் வழக்கம். நானே அப்படிச் சேர்ந்தவன்தான். ஆரம்பத்தில் நான் பிடுங்கியதில் பயிர் எவ்வளவு, களை எவ்வளவு என்று அந்த விவசாயி நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டார்.

ஜெர்மனியில் பல குழுக்கள் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்கின்றன. ஆண்டுக் கூட்டத்தில் விவசாயி முழுச் செலவுக் கணக்கையும் எழுதிப்போடுகிறார். சராசரியாக ஒரு பங்குக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிகிறது. பிறகு ஒவ்வொருவரும் தன்னால் கட்ட முடிந்த தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு என்பது வெளியே தெரியாது. வசதி உள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் எழுதலாம். கூட்டிப் பார்த்துச் செலவுக்குப் பற்றாவிட்டால் இன்னொரு சுற்று. டெம்பிள்-வில்டனிலும் ஆரம்பத்திலிருந்தே அவரவர் உறுதி சொல்லும் தொகைதான், நிலையான விலை கிடையாது. ஒருவரையொருவர் நம்பும் குழுவுக்கு இது பொருந்தும். முதல் ஆண்டில் முயல வேண்டாம். ஆனால் செலவுக் கணக்கைத் திறந்து காட்டுவதை முதல் ஆண்டே செய்யலாம். எரு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கண்ணால் பார்த்தவர் கடை விலையோடு ஒப்பிட்டு முணுமுணுப்பது அரிது.

பை வாங்கும் இடம் உறுப்பினர் எப்படியும் போய்வருகிற வழியில் இருக்க வேண்டும். நேரம் குறைந்தது மூன்று மணி நேரமாவது நீள வேண்டும், அதில் ஒரு பகுதி வேலை முடிந்து திரும்பும் நேரமாக இருக்க வேண்டும். வராதவர் பை என்ன ஆகும் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். மறுநாள் காலைவரை நிழலில் வைத்திருந்து, பிறகு தேவைப்படும் ஒரு வீட்டுக்கோ இல்லத்துக்கோ கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இராது. ஊருக்குப் போகும் வாரத்தை முன்கூட்டியே சொன்னால் வேறொரு வாரம் இரட்டைப் பையாகக் கொடுக்கலாம், பருவத்துக்கு இரண்டு தடவை. இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள் படிக்கச் சலிப்பாக இருக்கும். உறுப்பினர் விலகுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

யார் சேர வேண்டாம்

ஆள் சேர்க்கும் அறிவிப்பில் நான் தவறாமல் எழுதச் சொல்லும் ஒரு பத்தி உண்டு. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வெளியே சாப்பிடுகிறவருக்கு இது ஒத்துவராது. ஆண்டு முழுவதும் தக்காளி வேண்டும் என்பவருக்கும் ஒத்துவராது. இன்றைக்கு இன்னது சமைக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுக் காய் வாங்கப் போகிறவருக்குச் சிரமம். காயைப் பார்த்துவிட்டுச் சமையலை முடிவுசெய்கிறவருக்குச் சுகம். இதைப் படித்துவிட்டுப் பத்துப் பேர் ஒதுங்கினால் நட்டமில்லை. அவர்கள் எப்படியும் நடுப்பருவத்தில் ஒதுங்கியிருப்பார்கள், போகும்போது நான்கு பேரிடம் குறையும் சொல்லியிருப்பார்கள். அதோடு மூன்றாம் வாரம், பத்தாம் வாரம், பதினெட்டாம் வாரம் என்று மூன்று பைகளில் இருந்ததை உள்ளது உள்ளபடி படமெடுத்துப் போட்டால் போதும். மெலிந்த மூன்றாம் வாரப் படத்தையும் சேர்த்துத்தான். தயங்குகிறவருக்கு நான்கு வார முன்னோட்டப் பங்கு கொடுத்துப் பார்க்கலாம்.

பண்ணையில் விழா, விருந்து, குழந்தைகளுக்குப் போட்டி என்றெல்லாம் நடத்தச் சொல்வார்கள். நடத்த முடிந்தால் நடத்தலாம், ஆண்டுக்கு ஒன்று. மண்ணிலிருந்து கேரட்டைப் பிடுங்கிப் பார்த்த குழந்தை கேரட் சாப்பிடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அறுவடை உச்சத்தில் விழா ஏற்பாட்டுக்கு அலைந்து, அந்த வாரப் பையைக் கோட்டைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலை வைக்காத ஒரு வழி இருக்கிறது: பை வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி நிறையப் பூவும் வாசனைத் தழையும் நட்டு, ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டு, “வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்” என்று எழுதிவைப்பது. பையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கூடக் கால் மணி நேரம் நின்றுவிடுவார்.

அடுத்த பருவத்துக்கு எப்போது கேட்பது? நிலம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் கேட்டால் பதில் வராது. பருவம் முடிய மூன்று நான்கு வாரம் இருக்கும்போது, பை நிறைந்து கனிந்திருக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். 50 பேரில் 20 பேர் விலகினால் அந்த 20 இடத்தை நிரப்ப இரண்டு மாதம் அலைய வேண்டும்; 10 பேர் விலகினால், இருக்கிற 40 பேரே அக்கம்பக்கத்தில் சொல்லி நிரப்பிவிடுவார்கள்.

கடைசிப் பையோடு ஒரு கேள்வித்தாள் போகட்டும். “திருப்தியாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள். “எதைத் தூக்கிப் போட்டீர்கள்?” என்று கேட்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டால் உண்மை வரும். எங்களுக்கு வந்த 31 தாள்களில் 19 தாள்களில் ஒரே காயின் பெயர். விவசாயி ஒன்றும் பேசாமல் விதைப்புக் குறிப்பேட்டை எடுத்தார். அடுத்த பருவத்துப் பக்கத்தில் ‘சுரைக்காய் — இரண்டு பாத்தி’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘அரைப் பாத்தி. மீதியில் வெங்காயம்’ என்று எழுதிக்கொண்டார்.